பிரிஸ்பேனின் முதல் தொழிலாளர் கடன் வீடு

கேள்வி: பிரிஸ்பேனின் நண்டா பகுதியில் 1910-இல் கட்டப்பட்ட ஒரு சிறிய மரவீடு ஆஸ்திரேலிய மாநிலமான குயின்ஸ்லாந்தின் மரபுச் சின்னப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளது. மாளிகையும் அல்லாத, புகழ்பெற்றவர் எவரும் வாழ்ந்திராத ஒரு வீட்டுக்கு இத்தகுதி எவ்வாறு கிடைத்தது?

பதில் 1: குறைந்த வருமானமுடைய உழைப்பாளர்கள் சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்ள அரசு கடன் வழங்க வேண்டும் என்று வகுத்த 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த முதல் வீடு அதுவே. வாடகைக் குடியிருப்புகளை அரசே கட்டாமல், உடைமையாளராகும் வழியைத் திறந்துவிட்டது என்பதே இதில் புதுமை.

பதில் 2: கட்டுமானத்தையும் கவனியுங்கள். அக்கால குயின்ஸ்லாந்து மரவீடுகள் தரையிலிருந்து உயர்ந்த குத்துக்கால்களின்மேல் நின்றன. ஒவ்வொரு காலின் தலையிலும் கவிழ்த்த தகரத் தொப்பி, மேலேறும் கரையானை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டிக்கொடுத்தது. சுவர்களோ பெரும்பாலும் காடி வெட்டிக் கோத்த ஒற்றைப் பலகை அடுக்குதான். அவற்றைத் தாங்கும் மரச்சட்டங்கள் வெளியே தெரியும். கோடை வெப்பத்தை நெளிதகரக் கூரை உள்ளே இறக்கினாலும், முன் தாழ்வாரமும் தரைக்கடியில் ஓடும் காற்றும் அதை ஓரளவு தணித்தன. குளிர்காலத்தில் அந்த ஒற்றைப் பலகை தரும் பாதுகாப்பு, என் கருத்தில், மிகவும் சொற்பமே.

கேள்வி கேட்டவர்: நன்றி. அடுத்த முறை செல்லும்போது குத்துக்கால்களையே முதலில் பார்ப்பேன்.