ஆன்லைனில் வந்த ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லுங்கள் – அனுபவப் பகிர்வு

தோல் பை தைப்பவர்:
வணக்கம் நண்பர்களே. தோல் பை தைத்து விற்கிறேன். பழைய பைகளுக்கு ஜிப், கைப்பிடி மாற்றியும் கொடுப்பேன். கடை கிடையாது, வீட்டிலேயேதான் மெஷின். "ஆன்லைன்ல போடுங்க, பிச்சுக்கிட்டுப் போகும்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். எதில் போடுவது, போட்டால் யார் வருவார்கள் என்று திருப்பிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். கோர்ஸ் விற்கிறவர்களின் வீடியோ லிங்க் வேண்டாம். உங்களிடம் ஆன்லைன் வழியாக வந்த ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கள். எதைப் பார்த்து வந்தார், என்ன கேட்டார், வேலை கொடுத்தாரா?

பைண்டிங் கடைக்காரர்:
தம்பி, என்னிடம் வந்தது ஒரு ஆராய்ச்சி மாணவி. பிரிண்ட் எடுத்த தாள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருட்டுகிற நேரத்தில் வந்து நின்றார். மறுநாள் காலை தீசிஸ் கொடுத்தாக வேண்டும். கூகுள் மேப்பில் தேடியபோது பக்கத்தில் நாலைந்து கடை காட்டியிருக்கிறது. "ஏம்மா, இங்க எப்படி வந்தே?" என்றேன். "நீங்க மட்டும்தான் ராத்திரி 8 மணி வரைக்கும்னு போட்டிருந்தீங்க." மற்றவர்களும் 8 மணிக்குத்தான் ஷட்டரை இறக்குவார்கள், எனக்குத் தெரியும். நேரத்தை யாரும் போட்டு வைக்கவில்லை.

மேப்பில் கடையின் நேரம், படம் எல்லாம் காட்டுகிற இதற்குப் பெயர் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று பெயர். காசு கிடையாது. கடை நம்முடையதுதான் என்று காட்ட பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். தெரு, போர்டு, உள்ளே மெஷின், பூட்டைத் திறப்பது எல்லாம் ஒரே ஓட்டத்தில், வெட்டாமல் ஒட்டாமல் எடுக்க வேண்டும். வீட்டில் தொழில் செய்கிறவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குப் போய் வேலை செய்வோம் என்பதை மட்டும் காட்டலாம். கடைப் பெயரோடு "சிறந்த, மலிவான" என்று வால் சேர்க்காதீர்கள். விதிக்கு விரோதம், ப்ரொஃபைலையே நிறுத்திவிடுவார்கள்.

யாரை மேலே காட்டுவது என்பதற்குக் கூகுள் சொல்கிற காரணங்கள் மூன்று: தேடியதற்கும் நம் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தூரம், எவ்வளவு பேருக்கு நம்மைத் தெரியும் என்பது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. பொருத்தம் நம் கையில்தான் இருக்கிறது. என்ன தேடியவர்களுக்கு நம் கடை தெரிந்தது என்ற பட்டியல் ப்ரொஃபைலுக்குள்ளேயே வரும். எனக்கு "ஸ்பைரல் பைண்டிங்"தான் நிறைய. நான் விளக்கத்தில் ஆசை ஆசையாக எழுதி வைத்திருந்ததோ, பூச்சி அரித்த பழைய புத்தகங்களைச் செப்பனிடுவது பற்றி. அது எனக்குப் பிடித்த வேலை, ஆனால் தேடுகிறவர்கள் அதற்கு வரவில்லை. ஸ்பைரலை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன், முகப்புப் படத்தையும் மாற்றினேன்.

கீபோர்டு டீச்சர்:
சகோ, நான் ரீல்ஸ் ஆசாமி. ஒரு ரீல் திடீரென்று ஓடி, ஃபாலோயர் மளமளவென்று ஏறினார்கள். வகுப்பில் சேர்ந்தது யாருமில்லை. எங்கெங்கோ இருப்பவர்கள் பார்த்து ரசிக்கலாம், பிள்ளையை அனுப்ப முடியாதே! அந்தச் சமயத்தில் ஒரு அம்மா போன் செய்தார். "மேடம், ரொம்ப நாளைக்கு முன்னாடி விசாரிச்சு உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருந்தேன். பசங்க வாசிக்கிற வீடியோவை ஸ்டேட்டஸ்ல போடுவீங்கல்ல, தினம் பார்ப்பேன். இப்பதான் பையனுக்கு வயசு வந்திருக்கு." அவர் ஒரு லைக் போட்டதில்லை, ஒரு வார்த்தை எழுதியதும் இல்லை.

அதனால் விசாரிக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என் நம்பரை சேவ் பண்ணிக்கிறீங்களா?" என்பதுதான். வாட்ஸ்அப்பில் நம் நம்பரை சேவ் செய்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட், அதாவது ஒரே மெசேஜைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புவது, போகும். ஸ்டேட்டஸ் தெரிய வேண்டுமென்றால் அவர்கள் நம்பரும் நம்மிடம் இருக்க வேண்டும். சாதாரண ஆப் வேண்டாம், 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். பொருள்களைப் படத்தோடு அடுக்கி வைக்க கேட்டலாக் இருக்கிறது. திரும்பத் திரும்ப வருகிற கேள்விக்கு ஒரு பதிலை எழுதி வைத்துவிட்டால், சாய்கோடு (/) தட்டினதும் அது வந்து நிற்கும். கையில் குக்கர் மூடியோடு பதில் அனுப்புகிற எனக்கு அது பெரிய வரம்.

ரீல்ஸ் வீண் என்று சொல்ல மாட்டேன். விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் இன்ஸ்டாகிராமைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். ஒன்பது நல்ல போஸ்ட் அங்கே இருந்தால் போதும்.

வாஷிங் மெஷின் மெக்கானிக்:
அண்ணே, நான் கூகுள்ல விளம்பரம் போட்டவன். "வாஷிங் மெஷின் ரிப்பேர்"னு கீவேர்ட், அதாவது எந்த வார்த்தையைத் தேடினா விளம்பரம் வரணும்ங்கிறது. முதல் போன் ஒரு பெரியவர்கிட்ட இருந்து. "தம்பி, கிளாஸ் எத்தனை மாசம்? சர்டிஃபிகேட் உண்டா?" ரிப்பேர் கத்துக்க மருமகனை அனுப்பணுமாம். அடுத்தவருக்கு என்கிட்ட வேலைக்குச் சேரணும். ரெண்டு பேரும் தங்கமான மனுஷங்க, ஆனா ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு போகுதே!

சர்ச் டெர்ம்ஸ்னு ஒரு ரிப்போர்ட் இருக்கு. உண்மையிலேயே என்ன டைப் பண்ணிட்டு உள்ளே வந்தாங்கன்னு அது காட்டும். கோர்ஸ், வேலை, சம்பளம், "நீங்களே சரி செய்வது எப்படி", மேனுவல்னு வந்ததையெல்லாம் நெகட்டிவ் கீவேர்ட்ல, அதாவது இதைத் தேடினா விளம்பரம் காட்டாதேங்கிற பட்டியல்ல, தள்ளினேன். கொஞ்சம் தொடர்பு இருக்கிற தேடலுக்கெல்லாம் காட்டுற பிராட் மேட்ச்சை எடுத்துட்டு, கீவேர்டோட அர்த்தம் உள்ள தேடலுக்கு மட்டும் காட்டுற ஃப்ரேஸ் மேட்ச் வச்சேன். இன்னொண்ணு, லொக்கேஷன் செட்டிங். அந்தப் பகுதியில இருக்கிறவங்களோட, அந்தப் பகுதி மேல "ஆர்வம் காட்டினவங்க"ளுக்கும் விளம்பரம் காட்டுற மாதிரிதான் முதல்ல இருக்கும். வீட்டுக்குப் போய் வேலை பார்க்கிறவங்க அதை மாத்தி, அங்கே இருக்கிறவங்களுக்கு மட்டும்னு வச்சுக்கணும். இப்போ போன் குறைச்சல்தான், ஆனா வர்ற போன் எல்லாம் தண்ணி இறங்காத மெஷின்!

பை தைக்கிற வேலைக்கு இப்பவே விளம்பரம் தேவையான்னு கேட்டா, வேண்டாம்பேன். மெஷின் நின்னுபோன வீட்டுக்காரர் அந்த நிமிஷமே தேடுவார். பையை அப்படித் தேட மாட்டாங்க.

போட்டோகிராஃபர்:
வாடிக்கையாளர் அல்லாத ஆட்களும் வருவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ப்ரொஃபைல் போட்ட கையோடு ஒருவர் அழைத்தார், "முதல் பக்கத்தில் முதல் இடம், கேரண்டி". தேடலில் முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அதைச் சொன்னேன். குரலை மாற்றாமல், "அப்போ ஓனர் ஆக்செஸ் மட்டும் கொடுங்க சார், செட் பண்ணித் தர்றோம்" என்றார். யாரிடம் வேலை கொடுத்தாலும் மேனேஜர் உரிமை போதும். ஓனர் உரிமை உங்களிடமே இருக்கட்டும்.

"உங்கள் பக்கம் காப்புரிமை மீறியது, 24 மணி நேரத்தில் அழிக்கப்படும்" என்று இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் அனுப்பியது போல ஒரு மெசேஜ் வரும். லோகோ, பெயர் எல்லாம் அசல் போலவே இருக்கும். அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். டூ-ஃபேக்டரை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கிற பூட்டை, இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

தோல் பை தைப்பவர்:
எல்லோருக்கும் நன்றி. ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று சொல்லலாமா?

பைண்டிங் கடைக்காரர்:
கூடாது. ரிவ்யூவுக்கு எதையாவது கொடுப்பது கூகுள் விதிப்படி தப்பு. வேலை முடிந்து பையைக் கையில் கொடுக்கிற நேரத்தில், வாயால் கேளுங்கள். லிங்க்கை க்யூஆர் ஆக்கி பில்லின் பின்னால் ஒட்டலாம், அதில் தப்பில்லை.

தோல் பை தைப்பவர்:
சரிங்க. ப்ரொஃபைல் போட ஆரம்பிச்சாச்சு. வகை எது என்று கேட்கும் இடத்தில் நிற்கிறேன். பை விற்பனையா, ரிப்பேரா?

பைண்டிங் கடைக்காரர்:
முதன்மை வகை ஒன்றுதான். கூட ஒன்பது வரை சேர்க்கலாம். கை நிறைய மிச்சம் எதில்?

தோல் பை தைப்பவர்:
ரிப்பேர்தான். தோலுக்கு முதல் போட வேண்டியதில்லை.

பைண்டிங் கடைக்காரர்:
அப்போ ரிப்பேரை முதலில் போடுங்கள். ஜிப் போன பையையும் மாற்றிய பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாலு படம் எடுங்கள், பகல் வெளிச்சத்தில்.