ஜெர்மனி: பையனுக்குக் காய்ச்சல், ஹைல்பிராக்டிக்கரிடம் காட்டலாமா?

புதுவரவு:
வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், ராத்திரியெல்லாம் அழுகை. நான்கு குழந்தை மருத்துவர்களுக்குப் போன் செய்துவிட்டேன், புது ஆட்களைச் சேர்ப்பதில்லையாம். தெருமுனையில் 'ஹைல்பிராக்டிக்கர்' என்று ஒரு போர்டு. நாளைக்கே வரச் சொல்கிறார், 80 யூரோ. போகலாமா? மனைவி பயந்துபோயிருக்கிறாள்.

ஸ்டுட்கார்ட் அண்ணாச்சி:
இதற்கே பயந்தால் எப்படி? நான் 2010 டிசம்பரில், கொட்டுகிற பனியில் வந்தவன். முதல் மாதமே இடுப்புப் பிடிப்பு. மூன்று வாரம் காத்திருந்து டாக்டரைப் பார்த்தால், 'டீ குடி, ஓய்வெடு' என்கிறார். ஊரில் என்றால் ஓர் ஊசியைப் போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்த மூன்று வாரமும் எனக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டது பக்கத்து அறைக்காரர்.

டோர்ட்முண்ட் அக்கா:
தம்பி, மல்லி அவித்துக் கொடுங்கள். என் மூன்று பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தார்கள். ஹைல்பிராக்டிக்கரும் நல்ல ஆள்தான். என் ஒற்றைத் தலைவலி அவர் அக்குபஞ்சர் ஊசி குத்தித்தான் நின்றது. ஒரு மணித்தியாலம் இருந்து கதைப்பார். டாக்டர் ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிடுவார்.

மருந்துப்பை:
தலைவலி வேறு, பிள்ளைக் காய்ச்சல் வேறு அக்கா. ஹைல்பிராக்டிக்கர் டாக்டர் இல்லை, மாற்று வைத்தியம் செய்பவர். 1939இல் வந்த சட்டப்படி, சுகாதார அலுவலகம் வைக்கும் தேர்வில் தேறினால் தொழில் நடத்தலாம், மருத்துவம் படித்திருக்க வேண்டாம். ஆன்டிபயாடிக் எழுத முடியாது. தட்டம்மை மாதிரித் தொற்று என்றால் தொடவே கூடாது. அரசுக் காப்பீடு பொதுவாக அவருக்குப் பணம் தராது. நம் ஊர்ச் சித்த மருத்துவர் ஐந்தரை வருடம் பி.எஸ்.எம்.எஸ். படித்தவர். அந்த நினைப்பில் இங்கே போகாதீர்கள்.

ஸ்டுட்கார்ட் அண்ணாச்சி:
சித்தா என்றதும் வயிற்றெரிச்சல் கிளம்புகிறது. அம்மா அனுப்பிய செந்தூரமும் தைலமும் சுங்கத்திலேயே நின்றுவிட்டன, மருந்தைத் தபாலில் வரவழைக்கக் கூடாதாம். இவர்கள் மட்டும் அபோதேகேயில், அதாவது மருந்துக் கடையில், ஹோமியோபதி என்று சர்க்கரை உருண்டை விற்கலாம். அதைத் தொடங்கிய ஹானிமன் பிறந்த நாடல்லவா!

மருந்துப்பை:
செந்தூரம் நின்றதே நல்லது. பாதரசம் சேர்ந்ததாக இருந்தால்?

இரவுப்பணி:
புலம்பியது போதும். புதுவரவு, பையனுக்கு என்ன வயது? எத்தனை டிகிரி? தண்ணீர் குடிக்கிறானா? என்ன காப்பீடு?

புதுவரவு:
4 வயது. 39.2. குடிக்கிறான். வலது காதைப் பிடித்துக்கொண்டே அழுகிறான். அரசுக் காப்பீடுதான், கார்டு இன்னும் வரவில்லை. அதனால்தான் கைக்காசு போட்டு அங்கே காட்டிவிடலாமா என்று யோசித்தேன்.

இரவுப்பணி:
காது என்று முதலிலேயே சொல்லக் கூடாதா! இப்போதே 116117க்குப் போன் செய்யுங்கள், டாக்டர் உதவிக்கான எண் அது. ராத்திரியிலும் விடுமுறையிலும் எடுப்பார்கள், எங்கே போவது என்று சொல்வார்கள். அப்புறம் காப்பீட்டு நிறுவனத்திடம் 'எர்சாட்ஸ்பெஷைனிகுங்' கேளுங்கள், கார்டுக்குப் பதிலான சான்று அது. அது கையில் வரும்வரை காத்திருக்காமல் பையனைக் காட்டுங்கள், சான்றைப் பத்து நாளுக்குள் கொடுக்கலாம். மூச்சு வாங்கினாலோ கழுத்து விறைத்தாலோ எழுப்பியும் எழாவிட்டாலோ 112, யோசிக்கவே வேண்டாம்.

புதுவரவு:
போய்வந்தோம். நடுக்காதில் அழற்சியாம். வலிக்கு இபுப்ரோஃபென் கொடுத்து, இரண்டு நாளில் மறுபடி காட்டச் சொன்னார்கள். பையன் தூங்குகிறான். அண்ணாச்சி, டீயும் குடிக்கச் சொன்னார்கள்.