சைடு ஸ்டாண்டில் போட்டு ஆயில் பார்த்த கதை

உசிலம்பட்டிக்காரன்:
வண்டி பழைய ஸ்ப்ளெண்டர் பிளஸ். மதுரைக்கு வேலைக்குப் போக வர தினமும் 80 கி.மீ. பக்கம் ஓடும். ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா இருக்காம ஆயில் பார்ப்போமேன்னு உட்கார்ந்தேன். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற ஸ்டிக்கைக் கழட்டி, பழைய பனியன் துணியில துடைச்சு, விட்டு எடுத்தா நுனியில கூட ஒட்டல. பதறிப்போய் வீட்டுல இருந்த பாட்டிலைக் கவுத்து கால் லிட்டர் ஊத்தினேன். இப்பத்தான் கீழ்க்கோட்டைத் தொட்டுச்சு. சரி, இன்னும் கொஞ்சம்னு ஊத்தினேன்.

செவ்வாய்க்கிழமை செக்கானூரணி தாண்டும்போது வண்டி இழுக்கவே மாட்டேங்குது. கண்ணாடியில பார்த்தா பின்னாடி ஒரே புகை. மெக்கானிக் அண்ணன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ள சட்டியில போட்டு எடுத்த வடை மாதிரி ஃபில்டர் எண்ணெயில ஊறிக் கிடக்கு.

"வண்டிய எப்படி நிப்பாட்டிப் பார்த்த தம்பி?"

"சைடு ஸ்டாண்டுலதாண்ணே."

அதுக்கு மேல அவர் எதுவும் கேக்கல, சிரிச்சுட்டார்.

விஷயம் இதுதான். சைடு ஸ்டாண்ட் இடப்பக்கம், ஸ்டிக் இருக்கிறது வலப்பக்கம். வண்டி சாஞ்சா ஆயில் பூரா இடப்பக்கம் போயிரும், ஸ்டிக் காஞ்சுதான் வரும். அளவு முதல்லயே சரியாத்தான் இருந்திருக்கு. நான் கூடுதலா ஊத்தினதை இன்ஜினுக்குள்ள சுத்துற கிராங்க் அடிச்சு நுரையாக்கி, அது இன்ஜின் காத்து வெளியேறுற பிரீதர் குழாய் வழியா ஃபில்டருக்கு ஏறி, அங்கிருந்து இன்ஜினுக்குள்ள போய் எரிஞ்சிருக்கு.

அவர் காட்டின முறை: சமதரையில சென்டர் ஸ்டாண்ட். மூணு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணி, ரெண்டு மூணு நிமிஷம் ஆயில் கீழ இறங்கக் காத்திரு. துடைச்ச ஸ்டிக்கை மரையில திருகாம சும்மா உட்கார வச்சு எடு. திருகினா இன்னும் ஆழமா இறங்கி, இருக்கிறதைவிட அதிகமாக் காட்டும். (சில வண்டிக்குத் திருகித்தான் பார்க்கணுமாம், கூட வந்த புக்கைப் பாருங்க.) ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா கை வைக்காதே. குறைஞ்சா 50 மில்லி ஊத்து, பொறு, மறுபடி பாரு.

பல்சர் 150:
எங்களுக்கு ஸ்டிக் தொல்லை இல்ல, இன்ஜின்லயே ஆயில் அளவு தெரியிற சின்னக் கண்ணாடி இருக்கு. ஆனா அதுலயும் வண்டி நேரா நிக்கணும். நான் ஒருத்தனா ஒரு கையால வண்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்த்து, கீழ போட்டு இண்டிகேட்டரை உடைச்சவன்.

ஈரோடு:
மாமா காருக்கு வாங்கின ஆயில் மிச்சம் இருந்துச்சு, விலையும் கூடன்னு வண்டிக்கு ஊத்தினேன். ஒரு வாரத்துல ஆக்சிலேட்டர் முறுக்கினா சத்தம்தான் ஏறுது, வேகம் ஏறல. பைக்ல கிளட்ச் பிளேட்டும் அதே ஆயில்லதான் மிதக்குது, வழுக்கிருச்சு. பாட்டில்ல ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2ன்னு (பைக் ஆயிலுக்கான தரக் குறி) போட்டிருக்கான்னு பார்த்துத்தான் இப்ப வாங்குறது.

தூத்துக்குடி:
2023 டிசம்பர் வெள்ளத்துல வண்டி ரெண்டு நாள் தண்ணிக்குள்ள. ஸ்டிக்கை எடுத்தா ஆயில்ல தண்ணி கலந்து பால் கூடின டீ நிறம். ஸ்டார்ட் பண்ணாம உருட்டிட்டே போனேன். ரெண்டு தடவை ஆயில் மாத்தினப்புறம்தான் நிறம் தெளிஞ்சது.

ஈரோடு:
உசிலம்பட்டி அண்ணே, கூடுதலா ஊத்தினதை எப்படி எடுத்தீங்க?

உசிலம்பட்டிக்காரன்:
அடியில டிரெயின் போல்ட்டை லேசா விட்டு, கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சோம். அது ஒரு ஊறுகாய் பாட்டில்ல இன்னும் இருக்கு. கேட் கீல் கிறீச்சுனா அம்மா அதைத்தான் எடுக்குறாங்க.