வடக்குச் சரிவு மண் ஏன் கறுப்பு? வெயிலா, மழையா?

தேயிலைத்துளிர்: கோத்தகிரிப் பக்கம் ஒரே குன்றின் ரெண்டு பக்கமும் தோட்டம். வடக்கு பார்த்த சரிவில் மண் கறுத்து, பொலபொலன்னு இருக்கு. தெற்கில் சிவந்து இறுகிக் கிடக்கு. உரம் ஒண்ணுதான். திசைதான் காரணமா?

மண்புழு: திசையேதான். இமயமலையில் கார்வால் பக்கம் வடக்குச் சரிவில் ஓக் மரம், தெற்கில் பைன். வெயில் குறைஞ்சா ஈரம் நிக்கும், இலைதழை மெதுவா மட்கும், கரிமச்சத்து சேரும்.

கூடலூரான்: கார்வால் அட்சரேகை 30 பாகை வடக்கு. நீலகிரி 11 சொச்சம். ஜூன்ல இங்கே உச்சிவெயில் வடக்கிலிருந்து அடிக்குது! இந்த மலையில் மண்ணை மாத்துறது மழைதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிச்சு. அப்படிக் கொட்டுற பக்கம் சுண்ணாம்புச்சத்து கரைஞ்சு ஓடி, மண்ணில் அமிலத்தன்மை ஏறிடும்.

மண்புழு: அது மலை முழுசுக்குமான கதை. அவர் கேக்குறது ஒரே குன்று. ஜூன்ல மேகம் மூடிக் கிடக்குமே, அந்த வெயிலை வச்சு என்ன வாதம்? டிசம்பர் 21 நண்பகல் பாருங்க: சூரியன் தலைக்கு மேலிருந்து 35 பாகை தெற்கே. சரிவு 20 பாகைன்னா, தெற்குப் பக்கம் வாங்குற நேர்வெயிலில் சுமார் 60 சதம்தான் வடக்குக்கு. அந்த வித்தியாசம் மார்ச் வரை குறைஞ்சுகிட்டே வந்தாலும், வானம் தெளிஞ்சு மண் காயுற மாசங்கள் அவைதான்.

கூடலூரான்: கணக்கு சரி. ஆனா கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். அந்தக் காத்து வடக்குச் சரிவில்தான் மோதும், சாய்ஞ்சு விழுற மழை மறுபக்கம் குறையும். ஈரம் வெயிலால் நின்னதா, மழையால் வந்ததான்னு எப்படிப் பிரிப்பீங்க?

மண்புழு: உங்க கூடலூர்லயே பிரிக்கலாம். அங்கே தென்மேற்கு மழை தெற்குப் பக்கம்தானே அடிக்குது? பிப்ரவரியில் ரெண்டு பக்கமும் ஓரடி ஆழத்தில் மண் எடுங்க. அப்பவும் தெற்கு காய்ஞ்சிருந்தா வெயில்தான்.

குப்பைமேடு: சண்டைக்கு நடுவுல ஒரு கேள்வி. சிவப்பா தெரியுறது அடிமண் இல்லையா? மேல்மண் அரிச்சுப் போயிருந்தா வெயிலும் வேண்டாம், மழைத்திசையும் வேண்டாம். தெற்குப் பக்கம் செங்குத்து அதிகமா? தேயிலைக்கு முன்னாடி அங்கே என்ன இருந்தது?

தேயிலைத்துளிர்: தெற்கில் முன்னே உருளைக்கிழங்கு, அப்பா காலத்துல. வடக்கு ரொம்ப நாள் புதர்தான்.

குப்பைமேடு: வருஷாவருஷம் கொத்தின சரிவையும் கொத்தாத சரிவையும் ஒப்பிட்டுத் திசையைப் பேசிட்டிருக்கோம்.

மண்புழு: அதிலும் திசை இருக்கே. வெயிலுக்காகத்தானே தெற்குப் பக்கமா பார்த்துக் கிழங்கு போட்டாங்க?

தேயிலைத்துளிர்: இல்லீங்க, ரோடு அந்தப் பக்கம்.