மூளைக்காய்ச்சல் குணமான பிறகு காது பரிசோதனை: தள்ளிப்போடலாமா?

கேள்வி
என் மகளுக்கு 7 மாதம். போன மாதம் பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் (மூளை உறையில் வரும் மூளைக்காய்ச்சல்) வந்தது. கழுத்து விறைக்கவே இல்லை. பால் குடிக்க மறுத்தாள், தூக்கினால் வீறிட்டாள், உச்சிக்குழி புடைத்திருந்தது. முதுகில் நீர் எடுத்துப் பார்த்து நியூமோகாக்கஸ் என்ற கிருமி என்றார்கள். 14 நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். இப்போது சிரிக்கிறாள், கை தட்டினால் திரும்புகிறாள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'செவித்திறன் பரிசோதனை' என்று ஒரு வரி இருக்கிறது. மறுபடி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மனசே இல்லை. கொஞ்சம் தள்ளிப்போடலாமா?

பதில்
வேண்டாம், தங்கச்சி. நானும் கை தட்டித்தான் பார்த்தேன். என் மகன் 9 மாதத்தில் இதே கிருமியால் படுத்தான். வீடு வந்ததும் கை தட்டினோம், சாவிக்கொத்தை ஆட்டினோம், திரும்பினான். அவன் திரும்பியது என் கை அசைவுக்கும் நிழலுக்கும்தான் என்று யாருக்குத் தெரியும்? ஒருநாள் அவன் முதுகுக்குப் பின்னால் பாத்திர மூடி விழுந்தது. நான் துள்ளினேன், அவன் பொம்மையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதற்குள் 3 மாதம் ஓடிவிட்டது.

அந்த 3 மாதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூளை உறையின் அழற்சி உட்செவிக்கும் பரவுமாம். அப்புறம் அங்கே நத்தை வடிவில் இருக்கும் குழலுக்குள் எலும்பு வளர்ந்து அடைக்க ஆரம்பிக்கும், சிலருக்குச் சில வாரத்திலேயே. காது கேட்காதவர்களுக்கு அறுவை செய்து வைக்கும் காக்ளியர் கருவியின் இழை அதற்குள்தான் போக வேண்டும். என் மகனுக்கு வலது காதில் அந்த இழை முழுதாக உள்ளே போனது, இடதில் பாதியோடு நின்றுவிட்டது. இப்போது நன்றாகவே வாயாடுகிறான். ஆனாலும் இடதுபக்கம் நின்று கூப்பிட்டால் எனக்குப் பதில் வராது.

கேள்வி கேட்டவர்
அக்கா, படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. அந்தப் பரிசோதனைக்கும் ஊசி உண்டா?

பதில் (காது பரிசோதனை செய்பவர்)
ஊசியே கிடையாது. இந்தப் பரிசோதனைக்குப் பெரா (BERA) என்று பெயர். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு ஒட்டுகள் வைத்து, காதில் 'டிக் டிக்' சத்தம் கொடுத்து, அது நரம்பு வழியே மூளைத்தண்டுவரை போகிறதா என்று பார்ப்போம். காதில் ஒரு முனையைச் செருகிச் சட்டென்று பார்க்கும் ஓஏஇ (OAE) பரிசோதனை மட்டும் போதாது, அது நரம்பைப் பார்க்காது. ஒரு காது கேட்டாலே குழந்தை திரும்பிவிடும், அதனால் இரண்டு காதையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். வீடு திரும்பிய 4 வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். வரும் வழியில் தூங்கவிடாதீர்கள், இங்கே வந்து பால் கொடுங்கள்.

பதில் (குழந்தைகள் வார்டு செவிலியர்)
அப்படியே நியூமோகாக்கஸ் தடுப்பூசி பாக்கி இருந்தால் கேட்டுப் போட்டுவிடுங்கள். 'வந்துதான் போய்விட்டதே' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கிருமியில் 90-க்கும் மேல் வகைகள் இருக்கின்றன. ஒன்று வந்து போனது மற்றதற்குக் காவல் ஆகாது.

கேள்வி கேட்டவர்
செவ்வாய்க்கிழமைக்குத் தேதி வாங்கிவிட்டேன். வண்டியில் ஏறினாலே தூங்கிவிடுவாள், வழியெல்லாம் விழிக்க வைப்பதுதான் பெரும்பாடு.