புதுப்பிப்பு: லாகோஸ் இல்லை, தவிராதான்

போர்ச்சுகலின் அல்கார்வ் கடற்கரையில் குடியேற மேற்கே லாகோஸா, கிழக்கே தவிராவா என்று போன வருஷம் கேட்டிருந்தேன். பெரும்பாலோர் லாகோஸ் என்றீர்கள். மன்னிக்கவும், தவிராவில் இருக்கிறேன்.

லாகோஸில் பார்த்த வீடு அழகுதான். ஆனால் செப்டம்பர் முதல் மே வரைதான் வாடகைக்காம். கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு. டி7 விசாவுக்கு (ஓய்வூதியம், வாடகை மாதிரி நிரந்தர வருமானம் இருப்பவர்கள் போர்ச்சுகலில் குடியேற வாங்கும் விசா) தங்குமிடச் சான்று காட்ட வேண்டியவன் அந்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தவிராவில் ஊரை ஒட்டிக் கடல் கிடையாது. படகேறி மணல்தீவுக்குப் போக வேண்டும். ஆனால் ஃபாரோ விமான நிலையம் பக்கம், கடல் தண்ணீரும் மேற்கைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பு. பக்கத்துச் சாந்தா லுசியா கணவாய்க்குப் பேர்போன ஊர் (எட்டுக்கால் கணவாய், அதாவது ஆக்டோபஸ்; நம்மூர் ஊசிக்கணவாய் இல்லை). மிளகு போட்டு வறுத்தேன், அருமை.

யாருமே சொல்லாதது குளிர்காலம். வெளியே 16 டிகிரி வெயில், உள்ளே ஸ்வெட்டர். இங்கே பழைய வீடுகளில் சூடேற்றும் வசதி அபூர்வம். ஜனவரியில் அலமாரியைத் திறந்தால் தோல் செருப்பு முழுக்கப் பச்சைப் பூஞ்சை! ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கினேன். அதில் சேரும் தண்ணீரைத் தினமும் வாளியில் எடுத்துக் கொட்டுகிறேன். வீடு பார்க்க வருபவர்கள் ஜூலையில் வராதீர்கள், ஜனவரியில் வாருங்கள்.