புதுப்பிப்பு: வெள்ளவத்தை வீட்டை இடிக்க ஆள் கிடைத்துவிட்டார்

பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உள்ள அப்பம்மாவின் பழைய வீட்டை இடிக்க நல்ல கொந்தராத்துக்காரர் தெரியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன், பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் வாசலில் நின்றபடியே விலை சொன்னார். மாநகர சபை அனுமதி பற்றிக் கேட்டதற்கு "அதெல்லாம் பிறகு பாப்பம் அண்ணை" என்றார், அத்தோடு சரி. இரண்டாமவர் மலிவு, ஆனால் வேலையாட்களுக்குக் காப்புறுதி இல்லை.

மூன்றாமவர் சீடா எனப்படும் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையின் பதிவுச் சான்றிதழைக் கேட்காமலேயே காட்டினார். அப்புறம் ஏணி வைத்து ஏறிக் கூரையைப் பார்த்துவிட்டு, அஸ்பெஸ்டஸ் சீட்டை அடித்து உடைக்கவே கூடாது, தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும், அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்தும் ஆளைக் கொல்லும் என்றார். பொதுச்சுவரில் ஏற்கனவே இருந்த வெடிப்புகளை, பக்கத்து வீட்டு அன்ரியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அளவு தெரிய அடிமட்டம் பிடித்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

சுவருக்குக் கிட்ட பெக்கோ எனப்படும் தோண்டும் இயந்திரம் வராது, கையாலேயே இடிப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதியாயிற்று. கரண்ட், தண்ணீர் இணைப்புகளைத் துண்டித்ததும் வேலை தொடங்கும். அப்பம்மாவின் தேக்கு முன்கதவு என்னிடமே இருக்கும்.